பாதி தோல், பாதி நரம்பு

சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருப்பவர்கள் தங்கள் பாதத்தைப் பற்றிச் சொல்லும் சில வாக்கியங்கள் தமிழ்நாட்டில் எந்த ஊர் மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் காதில் விழும். “பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குங்க.” “செருப்பு கழண்டு போனதே தெரியல டாக்டர்.” “கால் மதமதன்னு இருக்கு.” இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வீட்டில் கிடைக்கும் ஒரே விளக்கம் ‘நரம்புத் தளர்ச்சி’. கூடவே ஒரு சத்து மாத்திரை. விளக்கம் முழுத் தவறு என்று சொல்ல முடியாது. சர்க்கரையால் நரம்பு கெடுவது உண்மை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து அதனாலும் நரம்பு கெடலாம். ஆனாலும் அந்தப் ‘பஞ்சு’ என்ற சொல் என்னை விடுவதில்லை. நரம்பு ஒரு மின்கம்பி, அது அறுந்துவிட்டது என்றால் தரையே இல்லாமல் போயிருக்க வேண்டும். இவர்கள் தரை இல்லை என்று சொல்வதில்லை. தரை இருக்கிறது, அதற்கும் காலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்து நுழைந்துகொண்டது என்கிறார்கள். உடம்பின் எடை கீழே இறங்குவது தெரிகிறது. காலடியில் கிடக்கும் சிறு கல்லின் விளிம்பு தெரியவில்லை.

தோலின் குறுக்குவெட்டுப் படம் பள்ளிப் புத்தகத்தில் பார்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நரம்பு மஞ்சள் நிறத்தில் கீழிருந்து ஏறி வரும். அதன் நுனியில் விதவிதமான குமிழ்கள். சுற்றிலும் இளஞ்சிவப்பில் தோல். படம் சரியானதுதான். ஆனால் அது மனத்தில் விட்டுப் போகும் எண்ணம் வேறு: உணர்வது மஞ்சள், போர்த்திக் கிடப்பது இளஞ்சிவப்பு. தோல் ஒரு உறை. அறிவு முழுக்க நரம்புக்கு. இந்தப் பங்கீடு தவறு என்பதே என் கட்சி. தொடு உணர்வில் தோலின் செல்களுக்கும் நரம்பு முனைக்கும் இருப்பது கூட்டு வியாபாரம். யார் எவ்வளவு முதல் போட்டார்கள் என்பதைப் பிரித்துக் காட்ட 139 ஆண்டுகள் ஆயின. பழந்தமிழில் தொடுபுலனுக்கு ‘ஊறு’ என்று பெயர். காயத்துக்கும் அதே சொல்தான். பாதத்தில் முதல் ஊறு போனால் இரண்டாம் ஊறு வந்து சேருவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளும் நினைவுக்கு வரும்.

உரித்த வெங்காயம்

முதலில் எளிய பக்கத்திலிருந்து தொடங்கலாம். விரலின் உட்பகுதியில், தோலுக்கு அடியில் ஆழத்தில், சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் அரிசிக் குறுநொய் போன்ற உருளைகள் உண்டு. வெறுங்கண்ணுக்கே தெரியும். இத்தாலியரான ஃபிலிப்போ பசினி 1830-களில் மாணவராக இருந்தபோது பிணக் கூறாய்வில் கவனித்தவை. பசினி உருளைகள் என்று அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டன. குறுக்கே வெட்டினால் வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் ஒரே ஒரு நரம்பு நுனி. அடுக்குகள் எல்லாம் தட்டையான செல்களால் ஆனவை, இடுக்குகளில் நீர்மம். நொடிக்கு 200 முதல் 300 முறை அதிரும் அதிர்வுக்கு இந்த உருளை மிக நுட்பமாகப் பதில் சொல்லும். அசையாமல் அழுத்திக்கொண்டிருந்தால் அழுத்தத் தொடங்கும்போது ஒரு துடிப்பு, எடுக்கும்போது ஒரு துடிப்பு, நடுவில் மௌனம். மிக்சியின் மேல் கை வைத்தால் வரும் ‘விர்ர்’ இவற்றின் வேலை.

இந்த மௌனம் யாருடையது என்பது நியாயமான கேள்வி. நரம்பு தானே சலித்துப் போய் நிறுத்திக்கொள்கிறதா, வெங்காயத் தோல் அழுத்தத்தை உள்ளே விடாமல் தடுக்கிறதா? 1960-களில் வெர்னர் லோவன்ஸ்டைனும் உடன் வேலை செய்தவர்களும் பூனையின் குடலைத் தாங்கும் சவ்விலிருந்து பசினி உருளைகளை எடுத்து, அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்து, நடுவிலிருக்கும் நரம்பு நுனியை ஏறக்குறைய அம்மணமாக்கி அழுத்திப் பார்த்தார்கள். அடுக்குகளோடு இருந்தபோது சட்டென்று எழுந்து விழுந்த மின்னழுத்தம், உரித்த பின் அழுத்தம் இருக்கும் வரை நீண்டு நின்றது. நீர்மம் நிறைந்த அடுக்குகள் மெதுவான அழுத்தத்தைச் சறுக்கிப் பரப்பி நுனிக்குப் போகாமல் செய்கின்றன. வேகமான அதிர்வு மட்டும் கடந்து போகிறது. எதை உணர வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்ற தேர்வில் பெரும்பங்கு நரம்பைச் சுற்றிய செல்களிடம் இருக்கிறது. சல்லடைக்குச் சொந்தக்காரர் அவர்கள்.

விரல் நுனியின் ரேகை மேடுகளுக்கு அடியில் இருக்கும் மைஸ்னர் உருளைகளும் இப்படித்தான், ஆனால் மேலோட்டமாக, மேல்தோலுக்கு நேர் கீழே. தட்டையான செல்களை அடுக்கி, நடுவே நரம்பு வளைந்து வளைந்து ஏறும். மேல்தோலோடு கொலாஜன் இழைகளால் கட்டப்பட்டிருப்பதால் தோல் சற்றே நழுவினாலும் இவை இழுபடும். நொடிக்கு 30 முதல் 50 அதிர்வு இவற்றின் களம். ஈரமான எவர்சில்வர் டம்ளர் கையிலிருந்து வழுக்கத் தொடங்கும்போது, வழுக்குவதை நாம் ‘அறிவதற்கு’ முன்பே பிடி இறுகிவிடுகிறது. நழுவலுக்கும் பிடி இறுகுவதற்கும் இடையே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு கூட ஆவதில்லை. வயது ஏற ஏற மைஸ்னர் உருளைகளின் எண்ணிக்கை குறைகிறது. ரஃபினி முனைகள் தோல் இழுபடுவதைச் சொல்பவை என்று புத்தகங்கள் சொல்லும். மனித விரல் நுனியில் தேடியவர்களுக்கு அவை மிக அரிதாகவே அகப்பட்டன.

ஸ்வீடனின் ரோலண்ட் யோஹான்சனும் ஓகே வால்போவும் 1979-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் பயன்படுகிறது. விழித்திருக்கும் ஆளின் கை நரம்பில் மெல்லிய ஊசி மின்முனையைச் செருகி, ஒவ்வோர் இழையும் எப்போது துடிக்கிறது என்று கேட்டு எடுத்த கணக்கு. ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் சுமார் 17,000 தொடு இழைகள். விரல் நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மைஸ்னர் வகை சுமார் 140, அடுத்துச் சொல்லப்போகும் மெர்க்கல் வகை சுமார் 70. பிரெய்ல் எழுத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி சுமார் 2.5 மில்லிமீட்டர், உயரம் சுமார் அரை மில்லிமீட்டர். விரல் நுனி இரண்டு முனைகளைத் தனித்தனியாக உணரக்கூடிய குறைந்தபட்ச தூரம் 2 முதல் 3 மில்லிமீட்டர். முதுகில் இதே சோதனைக்கு 4 சென்டிமீட்டர் வேண்டும். பிரெய்லை முதுகால் வாசிக்க முடியாததற்கு இது போதுமான காரணம்.

1875 முதல் 2014 வரை

ஒரு சாவியை எடுத்து, பல் பக்கம் விரல் நுனியில் படும்படி அழுத்தி, அசையாமல் வைத்திருங்கள். பத்து நொடி ஆன பிறகும் பல்லின் மேடு பள்ளம் தெரிந்துகொண்டே இருக்கும். பசினி எப்போதோ மௌனமாகிவிட்டது. மைஸ்னரும் ஓய்ந்துவிட்டது. இன்னும் பேசிக்கொண்டிருப்பது யார்?

ஃபிரீட்ரிக் மெர்க்கல் என்ற ஜெர்மன் உடற்கூறு அறிஞர் 1875-இல் மேல்தோலின் அடி வரிசையில் சில தனி செல்களை விவரித்தார். சுற்றியுள்ள தோல் செல்களைவிட வெளிறியவை. ஒவ்வொன்றையும் ஒட்டினாற்போல் ஒரு நரம்பு நுனி தட்டுப் போல விரிந்திருக்கும். ‘தொடு செல்கள்’ என்று அவர் பெயர் வைத்தார். பார்த்தவுடன் வந்த ஊகம் அது, நிரூபணம் இல்லை. பின்னாளில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஊகத்துக்குப் பலம் கூடியது: செல்லுக்குள், நரம்பைப் பார்த்த பக்கத்தில், வேதித்தூது நிரம்பிய சிறு பைகள் குவிந்திருந்தன. ஒரு நரம்பு இன்னொன்றோடு பேசும் சந்தியில் இருக்கும் அதே ஏற்பாடு. 1969-இல் இக்கோவும் மியூரும் பூனைத் தோலில் இந்தச் செல்கள் கூட்டமாக இருக்கும் சிறு மேடுகளைத் தொட்டபோது, ஒரே நரம்பிழை அழுத்தம் நீடிக்கும் வரை சீரற்ற தாளத்தில் துடித்துக்கொண்டே இருந்ததைப் பதிவு செய்தார்கள். ஆக, சாவியின் பல்லைச் சொல்லிக்கொண்டிருப்பது இந்த ஜோடி. ஜோடியில் யார் என்பது மட்டும் தெரியவில்லை.

இங்கே இரண்டு கட்சிகள். ஒன்று: உணர்வது மெர்க்கல் செல்; அது தூதை வெளியிட, நரம்பு சுமந்து போகிறது. மற்றொன்று: உணர்வது நரம்பு நுனியே, மெர்க்கல் செல் வெறும் மெத்தை, அல்லது நுனியைப் போஷிக்கும் செவிலி. பரிசோதனைகள் இரு பக்கமும் சாய்ந்தன. மெர்க்கல் செல்களைக் கெடுத்த பிறகும் நரம்பு துடித்தது என்றார்கள் சிலர்; துடிக்கவில்லை என்றார்கள் வேறு சிலர். செல்லைக் கொல்லும்போது ஒட்டியிருக்கும் நுனிக்கும் அடி விழுகிறது; அதனால் எந்த முடிவையும் முழுதாக நம்ப முடியவில்லை. இதற்கிடையே மெர்க்கல் செல் நரம்பு வழி வந்ததா, தோல் வழி வந்ததா என்ற துணைச் சண்டை வேறு. எலியில் அது தோல் வழி வந்தது என்று 2009-இல் உறுதியானது. அதே ஆண்டில், ஏடோ1 என்ற மரபணுவைத் தோலில் நீக்கினால் மெர்க்கல் செல்கள் உருவாகவே இல்லை என்றும், அந்த எலிகளில் இந்த நீடித்த துடிப்பின் வழக்கமான வடிவம் காணவில்லை என்றும் தெரிந்தது. செல் தேவை என்பது உறுதி. உணர்வதற்கா, வெறுமே அருகில் இருப்பதற்கா?

பூட்டைத் திறந்த சாவி வேறு இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வகத்தில் ஆர்டம் பட்டபூட்டியனும் பெர்ட்ராண்ட் கோஸ்டும், குத்தினால் மின்னோட்டம் காட்டும் ஒரு வகை எலிச் செல்லை எடுத்துக்கொண்டு, பொறுப்பாக இருக்கக்கூடிய 72 மரபணுக்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக அணைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயால் செல்லைக் குத்திப் பார்த்தார்கள். ஒன்றை அணைத்தபோது மட்டும் செல் மரத்துப் போனது. 2010-இல் வெளியான அந்தப் புரதத்துக்கு பீசோ1 என்று பெயர்; அழுத்தத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் தம்பி பீசோ2. மூன்று கைகள் விரிந்த விசிறி போன்ற பெரும் புரதம். செல்லின் சவ்வைக் கிண்ணம் போலக் குழித்து வைத்திருக்கும். சவ்வு இழுபட்டால் கிண்ணம் தட்டையாகி நடுவிலுள்ள வாயில் திறக்க, அயனிகள் உள்ளே பாயும். மிளகாயின் காரத்தை உணரும் வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸோடு பட்டபூட்டியன் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பீசோ2 எங்கே இருக்கிறது என்று தேடியபோது அது நரம்பிலும் இருந்தது, மெர்க்கல் செல்லிலும் இருந்தது. இரண்டு கட்சிக்கும் சாட்சி! ஆனால் இப்போது செல்லைக் கொல்லாமல், ஒரு பக்கத்துப் பீசோ2-ஐ மட்டும் எடுத்துவிட முடியும். 2014-இல் மூன்று ஆய்வுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. முறை இதுதான்: எலியின் பின்னங்கால் தோலை அதற்குப் போகும் நரம்போடு சேர்த்து எடுத்து, ஆக்சிஜன் குமிழியிட்ட உப்புநீரில் சுமார் 32 டிகிரி சூட்டில் வைத்து, நரம்பை இழை இழையாகப் பிரித்து ஒன்றை மின்முனையில் மாட்டி, தோலைக் கணினி கட்டுப்படுத்தும் மழுங்கிய முனையால் அழுத்துவது. தோலின் பக்கத்தில் மட்டும் பீசோ2 இல்லாத எலியில், அழுத்தத் தொடங்கும்போது நரம்பு துடித்தது. அழுத்தி வைத்திருக்கும்போது துடிப்பு வெகுவாகத் தேய்ந்தது. எலன் லம்ப்கின் குழு இன்னொரு திசையில் போனது. ஒளி பட்டால் கிளர்ந்தெழும் புரதத்தை மெர்க்கல் செல்லில் மட்டும் வைத்து நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். யாரும் தோலைத் தொடவில்லை, நரம்பு துடித்தது. செல்லை அடக்கும் வேறு ஒளிப் புரதத்தை வைத்து, அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஒளி பாய்ச்சினார்கள். நீடித்த துடிப்பு குறைந்தது.

இந்த இடத்தில்தான் பழைய சண்டை முடிந்தது. முடிந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இரண்டு கட்சியும் சரி. விரல் தரையைத் தொடும் அந்த முதல் கணத்தைச் சொல்வதில் நரம்பு நுனிக்குத் தன் சொந்தப் பீசோ2 போதும். ஆனால் பீசோ2-இன் வாயில் திறந்த சில மில்லிநொடிகளிலேயே சோர்ந்து மூடிக்கொள்ளும் இயல்புடையது. அதை மட்டும் நம்பினால் நீடிக்கும் அழுத்தத்தைச் சொல்ல ஆளில்லை. அந்த வேலையை மெர்க்கல் செல் எடுத்துக்கொள்கிறது. மிகச் சிறிய செல் அது. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு. மின்தடை மிக அதிகம். அதனால் சிறு அயனி ஓட்டம்கூட அதன் மின்னழுத்தத்தைப் பெரிதாக ஆட்டிவிடும். அந்த ஆட்டம் கால்சிய வாயில்களைத் திறக்க, பைகள் உடைந்து தூது வெளியேறிக்கொண்டே இருக்கும். பக்கத்திலிருக்கும் நரம்பு துடித்துக்கொண்டே இருக்கும். தொடக்கம் நரம்பினுடையது, நீட்சி தோலினுடையது. சாவியின் பல் பத்தாவது நொடியிலும் தெரிவதற்குத் தோல் செல் ஒன்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பதே காரணம். அந்தத் தூது எந்த வேதிப்பொருள் என்பதில் மட்டும் இன்னும் வழக்கு நடக்கிறது: செரட்டோனின் என்று ஒரு குழு, நார்அட்ரினலின் என்று மற்றொரு குழு.

மனிதரில் பீசோ2 இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் அலெக்சாண்டர் செஸ்லரும் கார்ஸ்டன் பென்னமனும் இந்த மரபணு இரு பிரதியிலும் செயலிழந்த இருவரை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஒருவருக்கு வயது 9, மற்றவருக்கு 19. ஊசி குத்தினால் வலித்தது, சூடு தெரிந்தது. இசைக்கவையை, அதாவது தட்டினால் அதிரும் இரட்டைக் கவை உலோகக் கருவியை, வைத்தால் அதிர்வு தெரியவில்லை. உள்ளங்கையில் மென்மையாக வருடினால் தெரியவில்லை. கண்ணைக் கட்டினால் தங்கள் கை எங்கே நீண்டிருக்கிறது என்று சொல்ல முடியவில்லை, நடை தடுமாறியது. கண் பார்த்துக்கொண்டிருக்கும் வரை சமாளித்தார்கள். தசையிலும் மூட்டிலும் இருக்கும் உணர் இழைகளும் இதே புரதத்தை நம்பியிருப்பதுதான் காரணம்.

மீதித் தோல்

மெர்க்கல் செல் மேல்தோலில் சிறுபான்மை. பெரும்பான்மையான கெரட்டினோசைட்டுகள், அதாவது அடியில் பிறந்து சில வாரங்களில் மேலேறி உதிர்ந்து போகும் சாதாரணத் தோல் செல்கள், சும்மா இருக்கின்றனவா என்பதே அடுத்த கேள்வி. இவற்றின் நடுவே நரம்பின் வெற்று நுனிகள், எந்த உருளையும் இல்லாமல், மேல்தோலுக்குள் ஏறி நிற்கின்றன. வலி, சூடு, குளிர், அரிப்பு இவற்றின் துறை. கெரட்டினோசைட்டை அழுத்தினால் அது ஏடிபி என்ற வேதிப்பொருளை வெளியே விடுகிறது; அருகிலுள்ள நரம்பின் ஏற்பி அதைப் பிடித்துக்கொள்கிறது. எலியில் கெரட்டினோசைட்டுகளை மட்டும் ஒளியால் அடக்கியபோது பாதத்தைத் தொட்டால் இழுத்துக்கொள்ளும் எதிர்வினை மந்தமானது என்று 2018-இல் காட்டினார்கள். 2019-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பாட்ரிக் எர்ன்ஃபோர்ஸ் குழு, வெற்று நுனிகளைத் தழுவி வலை போலப் பரவியிருக்கும் ஒரு வகை ஷ்வான் செல்களும் குத்தும் வலியை உணரத் துணை நிற்பதைக் கண்டது. அதுவரை ஷ்வான் செல் என்றால் நரம்புக்கு உறை போடும் செல் என்றுதான் பெயர்.

கூட்டு வியாபாரத்தில் கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் உண்டு. நரம்பை வெட்டினால் சில வாரங்களில் அந்த இடத்து மெர்க்கல் செல்கள் குறைகின்றன. மைஸ்னர் உருளைகள் சுருங்குகின்றன. நரம்பு அனுப்பும் சமிக்ஞைப் புரதங்கள் இல்லாமல் அவை தாக்குப்பிடிப்பதில்லை. ஆகவே நரம்பு போன பாதத்தின் தோல், பழைய தோலிலிருந்து கம்பியை மட்டும் உருவிய தோலாக இருப்பதில்லை. வேர்வைச் சுரப்பிக்குப் போகும் மெல்லிய இழைகளும் போவதால் வேர்வை நிற்கிறது, பாதம் வறள்கிறது, குதிகால் பித்தவெடிப்பாகப் பிளக்கிறது, அழுத்தம் விழும் இடத்தில் காய்ப்பு தடிக்கிறது.

தொழுநோயில் இந்தக் கூட்டு வேறொரு முனையில் உடைகிறது. அந்நோயின் கிருமியான மைக்கோபாக்டீரியம் லெப்ரே நேரே ஷ்வான் செல்லுக்குள் குடியேறுகிறது. ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்று சுவர் விளம்பரங்களில் நாம் படித்து வளர்ந்த அடையாளம் அதன் விளைவு. விரல்களும் பாதங்களும் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, அவற்றைத் தின்பது கிருமியைவிட, உணர்வில்லாத கையும் காலும் நாள்தோறும் படும் காயமே என்று காட்டினார். பின்னர் அமெரிக்காவில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் கையுறையிலும் காலுறையிலும் அழுத்த உணர்விகளைத் தைத்து, ஆபத்தான அழுத்தம் வந்தால் எச்சரிக்கும் செயற்கை வலியமைப்பை உருவாக்க முயன்றார்கள். உணர்விகள் உடைந்தன, எச்சரிக்கை வந்தாலும் ஆட்கள் அதைப் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடர்ந்தார்கள். கம்பியும் கருவியும் இருந்தால் தொடு உணர்வு வந்துவிடும் என்ற எண்ணத்தை இதைவிட நேர்மையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு.

பாதத்தில் சோதிக்கும்போது

இப்போது பஞ்சுக்குத் திரும்பலாம். கால் கட்டைவிரலின் நரம்புச் செல்லுக்கு உடல் கீழ்முதுகில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது; அங்கிருந்து நுனி வரை ஒரே இழை, ஏறத்தாழ ஒரு மீட்டர். உடம்பின் மிக நீண்ட இழைகள் இவை; சர்க்கரை நோயில் முதலில் நுனியிலிருந்து காயத் தொடங்குபவையும் இவையே. பாதத்தோலின் மெர்க்கல், மைஸ்னர் இழைகள் ஓயும்போது விளிம்பு, நெருடல், வழுக்கல் மறைகின்றன. கணுக்காலுக்கு மேலுள்ள தசைகளும் மூட்டுகளும் இன்னும் எடையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எடை உண்டு, விளிம்பு இல்லை. அப்படியொரு தரையை நம் அனுபவத்தில் தேடினால் பஞ்சு மெத்தைதான் அகப்படும். அந்த வாக்கியத்தை நான் ஒரு துல்லியமான மருத்துவக் குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பாதத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்று ஒற்றை நைலான் இழையால் அழுத்திப் பார்ப்பது 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனை. பார்க்க எளிது; தவறாகச் செய்வது அதைவிட எளிது. நைலான் இழை வளையும் வரை விசை கூடும். வளைந்த பிறகு எவ்வளவு அழுத்தினாலும் விசை ஏறக்குறைய அதே 10 கிராமில் நிற்கும். கருவியின் சூட்சுமம் முழுவதும் அதில் இருக்கிறது. ஆகவே இழை தோலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், வில்லாக வளைய வேண்டும், ஒன்று அல்லது இரண்டு நொடி நிற்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் அந்த வருடலை மைஸ்னரும் வேறு இழைகளும் பிடித்துக்கொண்டு ‘தெரியுது’ என்ற பதிலைத் தந்துவிடும். முதலில் முன்கையிலோ நெற்றியிலோ தொட்டுக் காட்டி, பிறகு கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலின் அடி, முதல் மற்றும் ஐந்தாம் விரல்களின் கீழுள்ள எலும்பு முகடுகள் என்று போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கேட்க வேண்டும். அதில் ஒரு முறை தொடாமலே கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு சரியென்றால் உணர்வு இருக்கிறது. “தெரியுதா? தெரியுதா?” என்று தாளம் போட்டுக் கேட்டால் தாளத்துக்கே பதில் வரும்.

காய்ப்பின் மேல் வைக்கக் கூடாது. தடித்த தோல் அந்த 10 கிராமை நுனிகளுக்குப் போகும் முன் பரப்பிவிடுகிறது; நரம்பு நன்றாக இருந்தாலும் இல்லை என்று வரும். தோல் வெறும் உறையாக இருந்தால் இது தொல்லை. தோல் உணர் உறுப்பின் பாதி என்று ஏற்றுக்கொண்டால், இதுவும் ஒரு கண்டுபிடிப்பு: அந்த ஆள் நடக்கும்போதும் அந்த இடம் அப்படித்தான் குருடாக இருக்கிறது. காய்ப்பை வீட்டில் பிளேடால் சீவவோ கால் ஆணிக்கு விற்கும் அமிலப் பிளாஸ்திரியை ஒட்டவோ கூடாது. பயிற்சி பெற்றவர் சீவ வேண்டும். வறட்சிக்கு யூரியா கலந்த களிம்பைப் பாதத்தில் தடவலாம், விரல் இடுக்கில் வேண்டாம். இழையும் களைத்துப் போகும்: ஒரே இழையை ஒரு நாளில் பத்துப் பேருக்கு மேல் பயன்படுத்தினால் தளர்ந்துவிடும், 24 மணி நேரம் ஓய்வு தேவை. நைலான் ஈரத்தை உறிஞ்சி நெகிழக்கூடியது; கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் திறந்த தட்டில் கிடக்கும் இழை 10 கிராமுக்குக் குறைவாகவே அழுத்தும்.

128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைப்பது வேறு கேள்வி. அது பெரிதும் பசினியைக் கேட்கிறது. கவையின் ஒலியைக் காதால் கேட்டே பதில் சொல்கிறவர்கள் உண்டு. அதனால் ‘தெரியுதா’ என்பதோடு நிறுத்தாமல், அதிர்வு எப்போது நின்றது என்று கேட்க வேண்டும். நடுவில் ஒருமுறை கையால் கவையை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வெற்று நுனிகளின் நிலையை இந்த இரண்டுமே சொல்லாது. எரிச்சல் மட்டும் இருந்து மற்ற சோதனைகள் சரியாக இருப்பவர்களுக்கு, கணுக்காலின் வெளிமுகட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் அளவில் தோலைத் துளைத்தெடுத்து, மேல்தோலுக்குள் ஏறும் இழைகளைச் சாயமிட்டு எண்ணுவார்கள்.

கருவி எதுவும் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானது. அப்பாவோ அம்மாவோ காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். எது வலது, எது இடது என்று முதலில் காலைத் தொட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியால் வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில், இறகு படுவது போல, ஒன்று அல்லது இரண்டு நொடி. தொட்டது தெரிந்தவுடன் ‘வலது’ அல்லது ‘இடது’ என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் பாதத்தைக் காட்ட மருத்துவரிடம் போக வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடக் கூடாது. பதில் வராத விரலை இன்னொரு முறை தொட்டுப் பார்க்கத் தோன்றும், தொடாதீர்கள். அந்த விரலுக்கு ‘இல்லை’ என்றே குறித்துக்கொள்ளுங்கள்.